முப்பத்தெட்டு எழுத்துகள்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவள் மெத்தே ஸ்கோவ். பிறகு செய்தவர்கள் எல்லாரும் அவள் திறந்துவிட்ட மடை வழியாக வந்தவர்கள்தான். இப்போது அவள் எனக்கு மூன்று பெஞ்சு முன்னால், சபைக் கூடத்தின் நடுப்பாதையில், வீட்டிலிருந்து தூக்கி வந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கறுப்புச் சால்வைக்கு மேலே கழுத்து தெரிகிறது, உரித்த கோழியின் கழுத்து. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று உபவாச ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் இங்கே வந்து உட்காருவோம். யார் மனதில் எது உறுத்துகிறதோ அவர் எழுந்து சாட்சி சொல்லலாம். இன்னொருவருக்குத் தீங்கு செய்தவர் அவர் பெயரைச் சொல்லி எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்கலாம், கேட்டால் அந்த இன்னொருவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் மோர்மன் என்று சொல்லிச் சிரிக்கிற எங்களுக்கு, யூட்டாவின் இந்த வறண்ட மூலையில், சேஜ் ஹாலோ என்ற இந்த ஊரில், அதுதான் வழக்கம். நாளைக்கு அவள் மகள் இடாஹோவிலிருந்து மோட்டார் காரில் வந்து அவளை அழைத்துப் போகிறாள். ஆகவே இன்று இல்லையென்றால் இல்லை. அவள் எழுந்து நிற்க வேண்டும், லீஹை டக்கெட் என்று என் பெயரைச் சொல்ல வேண்டும், மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும். நான் எழுந்து, எல்லாரும் பார்க்க, முடியாது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை ஐம்பது வருஷமாக வைத்திருக்கிறேன், பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு தினமும் அங்கேதான் போகிறது.

வாய் நாறுகிறது. எல்லார் வாயும் நாறுகிறது, பட்டினி வாய்க்கு ஒரு புளித்த வாடை உண்டு, ஆகஸ்ட் வெயிலில் அது கூரையில் முட்டித் திரும்பி வருகிறது. ஈ ஒன்று என் முழங்காலில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொள்கிறது, அதற்கும் ஏதோ மன்னிப்புக் கேட்க வேண்டும் போல. மேடையில் பிஷப் தோர்ன்லி. எங்கள் பிஷப் என்றால் அங்கி போட்டவர் இல்லை, வார நாளில் மாவு மில் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் காது மடிப்பில் மாவு இருக்கும். யாரோ தன் பசுவுக்கு வயிறு உப்பியதையும் ஜெபத்தில் அது இறங்கியதையும் சொல்கிறான். பசு பிழைத்தது, ஆமென். என் பக்கத்தில் என் மனைவி ஆர்ட்டமிஷா ஆமென் என்கிறாள், இவளுக்கு யார் பசுவானாலும் ஆமென். வாசலில் நுழையும்போதே அந்தக் கிழவி போடில் பிடித்துக்கொண்டாள். மெத்தேவோடு டென்மார்க்கிலிருந்து ஒரே கப்பலில் வந்தவள், அந்த நாட்டுப் பேச்சு தெரிந்தவர்களில் ஊரில் மிச்சம் இருக்கிறவள் இவள் ஒருத்தி. "என்ன டக்கெட், உபவாசத்துல மூஞ்சி இன்னும் நீண்டுபோச்சே, உன் குதிரை பார்த்தா பொறாமைப்படும்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளைத் தாண்டி நடந்தேன். விடவில்லை. "மெத்தேவோட பட்டாணி இந்த வருஷமும் மஞ்சளாப் போச்சு. அவ முறை வர்ற நேரத்துல மடைப்பலகை தானா நகருதாம். உங்க பக்கம் பலகைக்கெல்லாம் கால் முளைச்சிருக்கா என்ன?" பலகை என்ற சொல் எனக்கு ஆகாது. அவள் சொன்னது வாய்க்கால் பலகை. எனக்குத் தெரியும் அது வாய்க்கால் பலகைதான் என்று. ஆனாலும் கால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. வேண்டாம், அது பிறகு. பட்டாணி மஞ்சளானால் ஆகட்டும். என் நிலம் மேலே, அவள் நிலம் கீழே, தண்ணீர் என் வழியாகத்தான் போக வேண்டும், அது கர்த்தர் வைத்த மேடுபள்ளம். நான் பலகையை ஒரு விரல் நகர்த்துவேன், அவ்வளவுதான், ஒரு விரல். பட்டாணிக் கொடி வாடும்போது நுனியிலிருந்துதான் வாடும், வேலிக்கு இப்பால் நின்று பார்க்க நன்றாக இருக்கும்.

பசி எடுக்கும்போதெல்லாம் ஆப்பிள் வற்றல் நினைவு வருகிறது, அதற்கும் மெத்தேதான் காரணம், எனக்கு வாத்தியாரம்மா அவள்தான். மரக்கட்டைச் சுவர் பள்ளிக்கூடம், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் எண்ணெய்த் துணி. ஆணியில் ஒரு நூல், நூலில் வளையம் வளையமாக ஆப்பிள் வற்றல். ஒரு பக்கம் தப்பில்லாமல் வாசித்தவனுக்கு ஒரு வளையம். அவள் அப்போது சின்னவள், ஆனால் எங்களுக்குக் கிழவியாகத் தெரிந்தாள், கைவண்டி தள்ளிக்கொண்டு மலை தாண்டி வந்தபோது பனியில் மூன்று கால்விரல் போய்விட்டதாம், வாத்து மாதிரி நடப்பாள். நான் அவள் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டுவேன், எல்லாரும் சிரிப்பார்கள், திரும்பிப் பார்த்தாலும் அடிக்க மாட்டாள். "லீஹை, நடந்தது போதும், வந்து வாசிப்பா" என்பாள். நான் வாசிப்பேன். எனக்கு இணை யாரும் இல்லை. மற்றவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்க முட்டி மோதினதை நான் கொஞ்ச நாளில் பிடித்துக்கொண்டேன், கொக்கி போல ஒன்று, வளையம் போல ஒன்று, கவிழ்த்த லாடம் போல ஒன்று, மொத்தம் முப்பத்தெட்டு, ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து. ஆமாம், அவள் கற்றுக்கொடுத்தது உலகம் எழுதுகிற எழுத்து இல்லை. எங்கள் பெரியவர்கள் புதிதாக உண்டாக்கிய எழுத்து. டென்மார்க்காரனும் வேல்ஸ்காரனும் ஸ்விஸ்காரனும் சீக்கிரம் இங்கிலீஷ் படிக்க வேண்டும், பரிசுத்தவான்களான நமக்குச் சொந்தமாக ஒரு எழுத்து வேண்டும், அந்நியன் நம் புத்தகத்தை வாசித்துக் கெட்டுப்போகக் கூடாது, நாமும் அவன் புத்தகத்தை வாசித்துக் கெட்டுப்போகக் கூடாது என்று சொல்லி, அந்த எழுத்தில் பாடப்புத்தகம் அச்சடித்து மூட்டையாக அனுப்பினார்கள். வேறு ஊர் வாத்தியார்கள் தந்திரக்காரர்கள். மூட்டையை வாங்கி மூலையில் போட்டுவிட்டுப் பழைய எழுத்தையே சொல்லிக்கொடுத்தார்கள். இவள் கீழ்ப்படிந்தாள். சொன்னதை அப்படியே செய்தாள், பனியில் நட என்றபோது நடந்தாளே, அதே மாதிரி. அவள் நாட்டு எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றேதான் என்று பல வருஷம் கழித்து ரயில்வேக்காரன் ஒருவன் எனக்குச் சொன்னான். அப்படியானால் அவளால் முடிந்திருக்கும். அவள் கையில் நல்ல எழுத்து இருந்தது, அதை வைத்துக்கொண்டு எனக்குக் கள்ள எழுத்தைக் கொடுத்தாள், மேலே ஒரு வளையம் ஆப்பிளும் கொடுத்தாள். நான் இனிப்பாக இருக்கிறது என்று தின்றேன். புளிப்பும் இனிப்பும், தோல் மாதிரி பல்லில் இழுக்கும். இப்போது எச்சில் ஊறுகிறது, பார், அவமானம், இந்த வயதில்.

இரண்டு குளிர்காலம். அவ்வளவுதான் என் அப்பா எனக்கென்று விட்டுக்கொடுத்தது. மூன்றாவது வருஷம் அந்த எழுத்து செத்தது. யாரும் அறிவிக்கவில்லை, மூட்டை வருவது நின்றது, பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டார்கள், அவ்வளவுதான். புதுப் பாடப்புத்தகம் உலக எழுத்தில் வந்தது. என்னைவிடச் சின்னப் பையன்கள் முதல் பக்கத்தில் ஆரம்பித்தார்கள். நான் அப்பாவிடம் போய் நின்றேன். "உனக்கு ரெண்டு வருஷம் குடுத்தாச்சு. படிச்சவன் மறுபடி எதுக்குடா படிக்கணும்? ஆட்டைப் பார்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கொடுத்தார், அவள் வீணாக்கினாள். ஒருநாள் சாயங்காலம் அவள் எங்கள் பட்டிக்கு வந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வாத்து நடையோடு சாணியில் மிதித்துக்கொண்டு வந்தாள். "லீஹை, சாயங்காலம் வாப்பா. முதல்லேருந்து ஆரம்பிப்போம். உனக்கு நாலு வாரம் போதும். தப்பு உன்னுது இல்ல" என்றாள். தப்பு உன்னுது இல்ல என்றாள், தப்பு என்னுது என்று சொல்லவில்லை. நான் ஆட்டின் குளம்பை வெட்டிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. அவள் நின்றாள், பிறகு சால்வை முடிச்சிலிருந்து எதையோ எடுத்து வேலிக் கம்பத்தில் வைத்துவிட்டுப் போனாள். வற்றல். நான் அதை ஆட்டுக்குப் போட்டேன். பட்டி வரைக்கும் நடந்து வருவது மன்னிப்பு ஆகாது. ஆட்டுக்கு முன்னால் சொல்வது மன்னிப்பு ஆகாது. சபை முன்னால் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து மாதா மாதம் நான் பட்டினி கிடந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எத்தனையோ தடவை எழுந்திருக்கிறாள், பனியைப் பற்றிச் சொல்வாள், வழியில் புதைத்த தன் அம்மாவைப் பற்றிச் சொல்வாள், பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்துவார்கள், என் பெயரைச் சொன்னதே இல்லை.

நற்கருணை அப்பமும் தண்ணீரும் வருகின்றன. எங்களுக்குத் திராட்சரசம் கிடையாது, தண்ணீர்தான், ஒரே கிண்ணம் கை மாறி வரும். ஆர்ட்டமிஷா கிண்ணத்தை நீட்டுகிறாள். "குடிங்க, பின்னால காத்திருக்காங்க." குடிக்கிறேன். தெளிந்த தண்ணீர். அதுவும் தெளிந்த தண்ணீர்தான், மேற்குப் பாலைவனத்தில் அந்த ஊற்று, அடியில் மணல் தெரிந்தது, சுற்றி ஒரு புல் கூட இல்லை. புல் இல்லை என்பதை அப்போதே பார்த்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லலாம். எனக்குப் பதினேழு வயது. என் தம்பி அமனுக்குப் பதினொன்று, முதல் தடவையாக மேய்ச்சலுக்கு வந்திருந்தான், வழியெல்லாம் பேச்சு, வாய் மூட மாட்டான். அமனுக்கு நான்தான் ஊரிலேயே படித்தவன். வீட்டில் அந்த எழுத்துப் புத்தகம் ஒன்று கிடந்தது, அதை அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், கண்ணை விரித்துக் கேட்பான். ஊற்றின் ஓரம் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பலகை, பலகையில் சிவப்பு மையால் எழுத்து. யாரோ சுரங்கக்காரர்கள் வைத்தது. "லீஹை அண்ணே, என்ன எழுதியிருக்கு?" என்றான். நான் பார்த்தேன். வளையம் இருந்தது, கொக்கி இருந்தது, நம் எழுத்துக்கு உறவுக்காரன் மாதிரி இருந்தது, ஆனால் சேர்த்து வாசித்தால் சத்தம் வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோவேறு கழுதைக்குத் தளை போட வேண்டும். அவன் நிற்கிறான், உதடு வெடித்திருக்கிறது, கையில் தொப்பி. நான் என்ன சொன்னேன். நான் சொன்னது, யாரானாலும் சொல்லியிருப்பார்கள், ஊற்றுப் பக்கத்தில் பலகை இருந்தால் வேறு என்ன எழுதியிருப்பான். தண்ணீர்னு எழுதியிருக்குடா, என்றேன். நான் கழுதைக்குத் தளை போட்டு முடிக்கும்போது அவன் தொப்பியால் மூன்றாம் தடவை மொண்டுகொண்டிருந்தான். வீட்டில் கேட்டபோது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பலகையைப் பற்றி யாருக்கும் சொன்னதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அது என் கணக்கில் இல்லை, அவள் கணக்கில் இருக்கிறது. அவள் கள்ள எழுத்தைக் கொடுத்தாள், அந்த எழுத்து அந்தப் பலகையில் இல்லை, அமன் செத்தான். இதில் நான் எங்கே வருகிறேன்? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் நான் வரவில்லை. கழுதைக்குத் தளை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஈ போய்விட்டது. கிண்ணம் பின் பெஞ்சுக்குப் போய்விட்டது. கல்யாணமான புதிதில் ஆர்ட்டமிஷா சொன்னாள், நான் வாசிக்கச் சொல்லித் தர்றேன், யாருக்கும் தெரியாது, கதவைச் சாத்திக்கலாம் என்று. மேஜையில் இருந்த பால் குவளையைச் சுவரில் எறிந்தேன். கடன்பட்டவள் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி ஏன் கொடுக்க வேண்டும். என் மகன் வைக்கோல் கொட்டகையில் ஒளிந்து புத்தகம் படித்தான், அதை எடுத்துக் குதிரைத் தொட்டியில் போட்டேன். அவன் ரயில்வேக்குப் போனான், திரும்பவில்லை. அதுவும் அவள் கணக்கில்தான். அவளுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, கணக்கு இவ்வளவு ஏறியிருப்பது தெரியாமல் ஒருத்தி பட்டாணி போட்டுக்கொண்டு, கன்னத்தில் வெயில் படும்படி உட்கார்ந்துகொண்டு. போன குளிர்காலம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நான் பயந்துபோனேன். அவள் செத்துவிடுவாளோ என்று ஊரில் என்னளவு பயந்தவன் கிடையாது. தினமும் வேலி ஓரம் போய் அவள் வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பேன். புகை வந்தால் மனசு ஆறும். அக்கறையாப் பார்த்துக்கறீங்களே என்றாள் ஆர்ட்டமிஷா, மடச்சி.

நாற்காலி நகர்கிற சத்தம். அவள் எழுந்திருக்கிறாள். போடில் ஒரு பக்கம் தாங்குகிறாள். என் நெஞ்சு, இது என்ன, வாலிபன் மாதிரி அடிக்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள், வருவது இங்கிலீஷ் இல்லை. டேனிஷ். பிஷப் மேடையிலிருந்து மெல்லச் சொல்கிறார், "பக்கவாதத்துக்கு அப்புறம் சகோதரிக்கு நம்ம பேச்சு போயிடுச்சு. சொன்னாலும் புரியல. சகோதரி போடில், நீங்க எடுத்துச் சொல்லுங்க." தெரியாதே. புகைபோக்கியை மட்டும் பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியும். அவள் பேசுகிறாள், கூழாங்கல் உருளுகிற மாதிரி, நடுவில் ஒன்று, தெளிவாக, லீஹை. தலைகள் திரும்புகின்றன. வந்துவிட்டது. முழங்காலில் கையை ஊன்றிக்கொள்கிறேன். முடியாது, முடியாது, முடியாது. போடில் என்னைப் பார்க்கிறாள், பிறகு சபையைப் பார்த்துச் சொல்கிறாள்: "இந்த நாட்டுக்கு வந்து நான் ஒரே ஒரு நல்ல காரியம் செஞ்சேன்னு சொல்றா. லீஹைன்னு ஒரு பையனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாளாம். அவன்தான் கெட்டிக்காரனாம். இப்ப பெரிய படிப்பாளியா எங்கேயோ இருப்பான், அவனுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு சொல்றா." பிறகு பின்னாலிருந்து ஒருவன், அடக்கிப் பார்த்து முடியாமல், மூக்கால் சிரிக்கிறான். இன்னொருவன். எனக்குப் பின்னால் எவனோ, "படிப்பாளி பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழா பிடிப்பார்" என்கிறான். பெஞ்சு குலுங்குகிறது. ஆர்ட்டமிஷா என் கையைப் பிடிக்கிறாள், உதறுகிறேன். மெத்தே மட்டும், அந்தக் கிழவி மட்டும், சிரிப்பை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள்.

நான் எழுந்துவிட்டேன். பிஷப், "சகோதரர் டக்கெட், பெரிய மனசு பண்ணி உட்காருங்க, அவங்க வயசானவங்க" என்கிறார். உட்காரவில்லை. "எனக்கு ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது," என்கிறேன், "எல்லாருக்கும் தெரியும், இவளுக்குத்தான் தெரியாது. சொல்லு போடில், அவகிட்ட சொல்லு. மெத்தே, நீ செத்த எழுத்தைக் கொடுத்தே. அதை நம்பி என் தம்பி அமன் செத்தான். ஊற்றுல பலகை இருந்தது, விஷம்னு எழுதியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியல. அவனைக் கொன்னது நீ. மன்னிப்புக் கேளு." சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கழுதையைப் பற்றிச் சொல்லவில்லை, அமன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று சொல்லவில்லை, அதெல்லாம் சபைக்குத் தேவையில்லை. அமனைத் தெரிந்த ஒரு கிழவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கவில்லை. நான் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன், அது உடைவதைப் பார்க்க வேண்டும், நுனியிலிருந்து. போடில் அவள் காதருகே குனிகிறாள். நான் அவ்வளவு சொன்னேன், இவள் அதை நாலு சொல்லில் முடிக்கிறாள். கிழவியின் முகம் விரிகிறது. சந்தோஷம். பல் இல்லாத வாய் முழுக்கச் சந்தோஷம். கையை என் பக்கம் தூக்குகிறாள், அடுப்போரம் வற்றலை நீட்டும்போது தூக்குவாளே, அதே கை.

"அவகிட்ட என்ன சொன்னே?" என்கிறேன்.

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்," என்கிறாள் போடில். அவள் கண் என் மேல் இருக்கிறது, அதில் பயம் துளியும் இல்லை. "உட்காரு டக்கெட். வாய் நாறுது."

பிஷப் பாட்டுக்குக் கை காட்டிவிட்டார். எல்லாரும் எழுகிறார்கள், என்னைச் சுற்றி உடுப்புகள் உரசுகின்றன, நான் நிற்பது இனி ஒரு விஷயமே இல்லை. ஆர்ட்டமிஷா புத்தகத்தைத் திறந்து என் கையில் வைத்து, யாரும் பார்க்காதபடி நேராகத் திருப்பி விடுகிறாள். அவளும் அமனைப் பற்றித்தான் நினைக்கிறாளோ, பலகையைப் பற்றி, வீட்டுக்குப் போனதும் கேட்பாளோ. கேட்கட்டும். புத்தகத்தில் கறுப்புக் கறுப்பாக வரிசை, வளையம், கொக்கி. மெத்தே மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொன்னேன், அவளுக்குப் போய்ச் சேரவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை, என் முடியாது அப்படியே என் வாயில் இருக்கிறது. நாளைக்குக் கார் வருகிறது. மகளுக்கு இரண்டு பேச்சும் தெரியும், பெற்ற மகள், போடில் மாதிரி விழுங்க மாட்டாள், விழுங்கினாலும் முகத்தில் தெரிந்துவிடும். அவர்கள் போகிற பாதை என் மடைக்குக் கீழே, பள்ளத்தில் போகிறது. நாளைக் காலை தண்ணீர் என் முறை. பலகையை ஒரு விரல் இல்லை, முழுக்கத் தூக்கினால், அந்தக் களிமண்ணில் எந்தச் சக்கரமும் நகராது. நான் சாவகாசமாக நடந்து போவேன். ஜன்னல் பக்கம் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வேன், மகள் எடுத்துச் சொல்லட்டும். சேற்றில் நிற்கிற காரிலிருந்து அவளால் இறங்கிப் போக முடியாது, அவளுக்குத்தான் கால்விரல் இல்லையே. பாடுகிறார்கள். நானும் வாயை அசைக்கிறேன். எனக்கு அவள் தர வேண்டியது இன்னும் பாக்கி.